'டிக்' கேட்டால் நிறுத்து: என் டார்க் ரெஞ்ச், இரண்டு வருடங்களுக்குப் பிறகு

போல்ட்டைக் குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் இந்த டார்க் ரெஞ்சை ஆசைப்பட்டு வாங்கவில்லை. ஒரு பஞ்சர் வாங்க வைத்தது. டயர் மாற்றிய கடையில் ஏர் கன்னை வைத்து 'டர்ர்ர்' என்று முறுக்கிவிட்டிருந்தார்கள். மூன்று மாதம் கழித்து, இருட்டில், சாலையோரத்தில், காரோடு வந்த சின்ன ஸ்பேனரை மாட்டி அதன் மேல் ஏறிக் குதித்தேன். நான் 78 கிலோ. நான்கு போல்ட் கழன்றன. ஐந்தாவது அசையவே இல்லை, தலை மழுங்கியதுதான் மிச்சம்.

நான் வாங்கியது அரை அங்குல டிரைவ் (சாக்கெட் மாட்டும் சதுர முனையின் அளவு), கிளிக் வகை, அதாவது நாம் வைத்த அளவு வந்ததும் 'டிக்' என்று சொல்லும். முறுக்கு அளவு 28 முதல் 210 நியூட்டன் மீட்டர் வரை. என் காரின் கையேட்டில் வீல் போல்ட்டுக்கு 120 என்று போட்டிருக்கிறது. அரை மீட்டர் கம்பியின் நுனியில் 24 கிலோவைத் தொங்கவிட்டால் எவ்வளவோ அவ்வளவுதான். முதல் தடவை 'டிக்' கேட்டபோது, இவ்வளவு போதுமா என்று சந்தேகமே வந்தது. கை இன்னும் இழுக்கச் சொல்கிறது. பாதுகாப்புக்கு என்று இன்னொரு இழுப்பு இழுத்தால் ரெஞ்ச் வாங்கியதே வீண்.

போல்ட் இறுகும்போது கொஞ்சம் நீளும், ரப்பர் பேண்ட் மாதிரி. அந்த இழுவிசைதான் சக்கரத்தை ஹப்போடு (சக்கரம் பொருந்தும் நடுப்பகுதி) அழுத்திப் பிடிக்கிறது. குறைந்தால் சக்கரம் ஹப்பின் மேல் நகர ஆரம்பிக்கும், போல்ட் தளரும், உடையவும் செய்யும். மிஞ்சினால் போல்ட் நீண்டது நீண்டதுதான், பழைய நிலைக்குத் திரும்பாது. இன்னொன்று, நாம் கொடுக்கும் முறுக்கில் பெரும்பகுதியை மரையிலும் தலைக்கு அடியிலும் இருக்கும் உராய்வே தின்றுவிடுகிறது. பிடிப்புக்குப் போவது பத்தில் ஒரு பங்கு அளவுதான். மச்சான் ஒரு நாள், துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று எண்ணெய்க் குப்பியோடு வந்தான். "டேய், வேண்டாம்டா" என்று தடுத்தேன். உராய்வு குறைந்தால் அதே 120 போல்ட்டை எக்கச்சக்கமாக இழுத்துவிடும்.

சரி, ரெஞ்சுக்கு வருவோம். கிளிக் தெளிவு, கையிலும் உணரலாம். போல்ட்டை முதலில் விரலால் ஏற்றி, எதிரெதிராக நட்சத்திர வரிசையில் சுமாராக இறுக்கி, டயர் தரையைத் தொடும் அளவுக்கு ஜாக்கியை இறக்கிய பிறகுதான் இதை எடுக்கிறேன். புது அலாய் வீல் போட்டபோது 80 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி பார்த்தேன். இரண்டு போல்ட் கிளிக் ஆகும் முன் லேசாகத் திரும்பின.

எரிச்சல் அளவுகோலில்தான். கோடுகள் 14, 14 ஆகத் தாவுகின்றன: 98, 112, 126. எனக்கு வேண்டிய 120க்கு, 112இல் நிறுத்திக் கைப்பிடி வளையத்தில் 8 சேர்க்க வேண்டும். எழுத்து பொடிசு, வெயிலில் பளபளக்கிறது. ஒரு தடவை 126 கோட்டில் 8 சேர்த்து 134 வைத்துவிட்டேன். நல்லவேளை, முதல் போல்ட்டிலேயே கண்டுபிடித்தேன். பூட்டுத் திருகு எண்ணெய்க் கையில் வழுக்கும். பெட்டியின் கீல் ஆறு மாதத்தில் போய்விட்டது, ரப்பர் பேண்ட்தான் துணை.

அடியளவுக்குப் பக்கத்தில் கிளிக் மங்கல், அதனால் சின்ன போல்ட்டுகளுக்கு இதைத் தொடுவதில்லை. கூட வந்த தாளில் துல்லியம் கூடக்குறைய 4 சதவீதம் என்று இருந்தது. 120 வைத்தால் 115க்கும் 125க்கும் நடுவில், வீல் போல்ட்டுக்கு அது தாராளம். வருடத்துக்கு ஒருமுறை சரிபார்க்கச் சொல்கிறார்கள். நான் இன்னும் கொடுக்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன். வேலை முடிந்ததும் ஸ்பிரிங்கைத் தளர்த்தி 28க்கு இறக்கி வைப்பதை மட்டும் மறப்பதில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் போன மாதம் இரவல் கேட்டார், கொடுத்தேன். எட்டிப் பார்த்தால், இறுக்க மட்டுமே எடுக்க வேண்டிய இதை, இறுகிப்போன போல்ட்டைக் கழற்ற மாட்டி மிதித்துக்கொண்டிருக்கிறார். இப்போதெல்லாம் ரெஞ்ச் இரவல் போனால் கூடவே நானும் போகிறேன்.