முதல் கல்லுக்கு என்ன விலை? கட்டாகோ மென்பொருள் குறித்த மதிப்புரை

கறுப்பு, வெள்ளைக் கற்களை மாறி மாறி வைத்துப் பலகையில் இடம் வளைக்கும் கோ ஆட்டத்தில் கறுப்புக் கற்களை ஆடுபவரே முதல் கல்லை வைக்கிறார். அந்த முந்துதலுக்கு ஈடாக ஆட்ட முடிவில் வெள்ளையின் கணக்கில் சேர்க்கப்படும் புள்ளிகளுக்குக் கோமி என்று பெயர். அது எத்தனை புள்ளியாக இருந்தால் இரு தரப்புக்கும் நியாயம் என்பதை வீட்டுக் கணினியிலேயே ஆராய விரும்புபவருக்கு, டேவிட் வூ உருவாக்கி 2019இல் வெளிவந்த கோ ஆடும் மென்பொருளான கட்டாகோவைவிடப் பொருத்தமான கருவி இப்போதைக்கு இல்லை என்பது என் கணிப்பு. இது இலவசம்; இதன் மூல நிரலும் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது.

இதற்கு முன் வந்த வலிமையான மென்பொருள்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்பதில் பயன் குறைவு. கூகுளின் டீப்மைண்ட் நிறுவனம் உருவாக்கிய ஆல்பாகோ ஜீரோவும், அதே வழியில் தன்னார்வலர்கள் வளர்த்தெடுத்த லீலா ஜீரோவும் 7.5 கோமியில் மட்டுமே பயிற்சி பெற்றவை; அவை சொல்வதும் வெற்றி வாய்ப்பை மட்டுமே. கட்டாகோவோ தன்னோடு தானே ஆடிப் பயின்றபோதே பலகையின் அளவையும் விதிமுறையையும் கோமியையும் மாற்றி மாற்றி ஆடியிருக்கிறது. அதனால் எந்தக் கோமியைக் கொடுத்தாலும் அதற்கேற்பச் சிந்திக்கிறது. யார் வெல்வார் என்பதோடு எத்தனை புள்ளி வித்தியாசத்தில் ஆட்டம் முடியும் என்றும் மதிப்பிடுகிறது. இந்த இரண்டாவது எண்தான் நமக்கு வேண்டியது.

வெற்றுப் பலகையை அதன் முன் வைத்துச் சீன விதிகளையும் 7.5 கோமியையும் தேர்ந்தெடுத்தால், ஒரு புள்ளிக்கும் குறைவான அளவில் தராசு வெள்ளையின் பக்கம் சாய்கிறது. 6.5 என்று மாற்றினால் கறுப்பின் பக்கம் சாய்கிறது. 7இல் ஏறத்தாழச் சமநிலை. ஜப்பானிய விதிகளுக்கு மாறினால் அந்தச் சமநிலை 6ஐ ஒட்டி அமைகிறது.

இந்த ஒரு புள்ளி வேறுபாடு எண்ணும் முறையிலிருந்து வருகிறது. சீன முறையில் வளைத்த இடத்தோடு பலகையில் நிற்கும் கற்களும் எண்ணப்படும். ஜப்பானிய முறையில் வளைத்த இடமும் பிடித்த கற்களும் மட்டுமே எண்ணப்படும். பத்தொன்பதுக்குப் பத்தொன்பது பலகையில் கோடுகள் வெட்டிக்கொள்ளும் சந்திகள் 361. சீன முறையில் இவை அனைத்தும் இருவருக்குள் பங்கிடப்படும்போது, இருவருக்கும் பொதுவாக நின்றுவிடும் சந்திகள் இல்லாதவரை, வித்தியாசம் 5, 7, 9 என ஒற்றைப்படையிலேயே வரும். ஆகவே அங்கே 5.5 கோமிக்கும் 6.5 கோமிக்கும் நடைமுறையில் வேறுபாடு இல்லை. இரண்டிலும் கறுப்பு பலகையில் 7 புள்ளி முந்தியாக வேண்டும். ஜப்பான் 5.5இலிருந்து 6.5க்குச் சென்றபோது, சீனா 6.5இல் நிற்காமல் 7.5க்குத் தாவியதன் காரணம் இதில்தான் இருக்கிறது. 2016 மார்ச்சில் சியோலில் கொரியாவின் முன்னணி ஆட்டக்காரர் லீ செடோல், ஆல்பாகோ ஜீரோவுக்கு முந்தைய ஆல்பாகோவோடு மோதிய ஐந்து ஆட்டங்களும் அந்த 7.5 கோமியில் ஆடப்பட்டவையே.

கோமி என்றுமே ஏறுமுகமாகத்தான் இருந்துவந்திருக்கிறது. ஜப்பானில் 1939இல் தொடங்கிய முதல் ஹோனின்போ பட்டப் போட்டியில் அது ஐந்து புள்ளிக்கும் குறைவு, கோமியே இல்லாத பழைய முறையில் பழகிய மூத்த ஆட்டக்காரர்களுக்கு அதுவே ஒவ்வாமையாக இருந்தது. 1970களில் 5.5 நிலைபெற்றது. ஒவ்வொரு முறையும் கறுப்பு சற்று அதிகமாக வெல்வதைப் பல ஆண்டு முடிவுகளிலிருந்து கண்டுகொண்ட பிறகே எண் உயர்த்தப்பட்டது. கோ சங்கங்களுக்கு அத்தனை காலம் எடுத்த கணக்கை ஓர் இடைத்தரக் கணினி சில நிமிடங்களில் காட்டுவது வியப்புக்குரியதே.

ஆனால் அந்த எண்ணை அப்படியே விழுங்கக் கூடாது. கட்டாகோ காட்டுவது மதிப்பீடு, நிரூபணம் அல்ல. ஐந்துக்கு ஐந்து பலகையில் முதலில் ஆடுபவர் முழுப் பலகையையும், அதாவது 25 புள்ளிகளையும், கைப்பற்றிவிடுவார் என்பது 2002இல் கணினி மூலம் முழுமையாக நிறுவப்பட்டுவிட்டது. பத்தொன்பதுக்குப் பத்தொன்பது பலகையில் அதுபோன்ற நிரூபணம் எட்டாத தொலைவில் இருக்கிறது. மேலும், அரைப் புள்ளிச் சாய்வை வெற்றி விழுக்காடு பெரிதாக்கிக் காட்டுகிறது. கட்டாகோ அளவுக்குப் பிழையின்றி ஆடும் இருவருக்கிடையே அரைப் புள்ளி விலையேறப் பெற்றது. ஒரே நகர்வில் ஐந்தாறு புள்ளிகளை இழக்கும் நம்மைப் போன்றோர் தோல்விக்குக் கோமியைப் பழிப்பது வேடிக்கை. விழுக்காட்டை ஒதுக்கிவிட்டுப் புள்ளி வித்தியாசத்தை மட்டும் பார்க்குமாறு புதியவர்களுக்குச் சொல்வேன்.

குறையென்று சொன்னால், கட்டாகோவுக்கென்று சொந்தத் திரை கிடையாது. அது பின்னணியில் இயங்கும் இயந்திரம் மட்டுமே. கட்டளை வரியைக் கண்டு தயங்குபவர் தனியாக நிறுவ முயன்றால் சலித்துப்போவார். அத்தகையோர் கட்டாகோவை உள்ளடக்கியே வரும் கட்ரெயின் என்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொள்வது நல்லது. புதிய ஆட்டம் தொடங்கும்போது பலகை அளவு, விதிமுறை, கோமி மூன்றையும் அதிலேயே மாற்றலாம். ஒவ்வொரு நகர்விலும் எத்தனை புள்ளி பறிபோனது என்பதையும் வண்ணப் புள்ளிகளால் காட்டிவிடும். தனி வரைகலை அட்டை இல்லாத கணினியிலும் இது ஓடும், மெதுவாகத்தான். கோமி ஆராய்ச்சிக்கு அந்த வேகம் போதும், நீண்ட ஆட்டங்களை அலசுவதற்குப் போதாது.

அமைப்புக் கோப்பில் எனக்குப் பிடித்த ஒரு வசதி, சமநிலை முடிவை எத்தனை வெற்றிக்கு இணையாகக் கருத வேண்டும் என்று நாமே சொல்லலாம் என்பது; இயல்பாக அது அரை வெற்றி. போட்டிகளில் சமநிலை கூடாது என்பதற்காகவே கோமியின் வாலில் அந்த அரைப் புள்ளி ஒட்டிக்கொண்டிருக்கிறது. பரிசும் தரவரிசையும் இல்லாத நட்பு ஆட்டங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சீன முறையில் எண்ணுபவர்கள் 7 என்றே வைத்துக்கொண்டு சமநிலையையும் ஏற்றுக்கொள்ளலாம். நியூசிலாந்து விதிகள் அப்படித்தான் வைத்திருக்கின்றன.