60களின் பாப் சிங்கிள்: பிரிட்டன் தட்டா, அமெரிக்கத் தட்டா?

பழைய பாப் சிங்கிள்களை, அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு உள்ள சின்ன இசைத்தட்டுகளைச் சேர்க்கத் தொடங்கியவர்களுக்குக் கொஞ்ச நாளிலேயே ஒரு குழப்பம் வரும். அதே பாட்டு, அதே வருடம். பிரிட்டனில் அச்சான தட்டும் இருக்கிறது, அமெரிக்காவில் அச்சான தட்டும் இருக்கிறது. எதை வாங்குவது? அனுபவசாலிகள் சட்டென்று சொல்லும் பதில், "பாடியவர் எந்த நாடோ, அந்த நாட்டுத் தட்டு." இது பாதிதான் சரி. நான் முதலில் பார்ப்பது தட்டு எந்தப் பொருளில் செய்யப்பட்டது என்பதை. நாடு அதற்கு அப்புறம்தான்.

நடு ஓட்டையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நிமிடத்துக்கு 45 முறை சுற்றும் ஏழு அங்குலத் தட்டை 1949-இல் ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனம் அமெரிக்காவில் கொண்டுவந்தது. தட்டுகளை அடுக்கி வைத்தால் ஒவ்வொன்றாக இறக்கிப் போடும் பிளேயருக்காக, நடுவில் ஒன்றரை அங்குல ஓட்டை விட்டார்கள். பிரிட்டன் சிங்கிள்களில், பல பாட்டுகள் கொண்ட பெரிய தட்டான எல்.பி.யில் இருப்பது போன்ற சின்ன ஓட்டைதான். காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் இயந்திரத்தில் போட வேண்டுமென்றால் நடுப்பகுதியைத் தட்டி எடுத்துவிடலாம். பெரிய ஓட்டைக்கு ஒரு பிளாஸ்டிக் அடாப்டர் போதும், அதற்காக அமெரிக்கத் தட்டை ஒதுக்க வேண்டாம். ஆனால் பிரிட்டன் தட்டு ஒன்றில் நடுப்பகுதி இல்லையென்றால் யோசிக்க வேண்டும். அது ஜூக்பாக்ஸில் ஓய்வே இல்லாமல் ஓடியதாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இப்போது பொருள். தட்டு செய்ய வினைல், ஸ்டைரீன் என்ற இரண்டு வகை பிளாஸ்டிக்கைப் பயன்படுத்தினார்கள். 60களின் பிரிட்டன் சிங்கிள்கள் பொதுவாக வினைல். அமெரிக்காவில் நிலைமை கலவையானது. ஆர்.சி.ஏ. வினைலில் அச்சிட்டது, கொலம்பியா ஸ்டைரீனுக்கு மாறியது. லாஸ் ஏஞ்சலீஸின் மொனார்க் ஆலையில் அச்சான ஏராளமான சிங்கிள்களும் ஸ்டைரீன்தான். உருக்கிய ஸ்டைரீனை அச்சுக்குள் பாய்ச்சி வேகமாகத் தட்டு செய்யலாம், அச்சும் நீண்ட நாள் தாங்கும். நிறுவனத்துக்கு லாபம், கேட்பவருக்குத்தான் நஷ்டம். ஸ்டைரீன் கடினமானது, எளிதில் உடையக்கூடியது. கனமான பழைய ஊசி திரும்பத் திரும்ப ஓடினால் பள்ளத்தின் சுவர் தேய்ந்துபோகும். அப்புறம் எவ்வளவு நல்ல ஊசி போட்டாலும் பாட்டுக்குப் பின்னால் ஒரு கரகரப்பு விடாமல் கேட்கும்.

இதில் மோசமான விஷயம், அந்தத் தேய்மானம் கண்ணுக்குத் தெரியாது. தட்டு பளபளவென்று புதிதுபோல இருக்கும், விற்பவரும் நல்ல நிலை என்று நேர்மையாகவே எழுதியிருப்பார். வானொலி நிலையங்களுக்குப் போன இலவசப் பிரதிகளில் இன்னொரு தொல்லை உண்டு. பாட்டு சரியான நொடியில் தொடங்க வேண்டும் என்று தட்டை முன்னும் பின்னும் ஆட்டி வைப்பார்கள். ஸ்டைரீன் தட்டில் அந்த இடம் அரிக்கப்பட்டு, பாட்டின் முதல் சில நொடிகள் முழுக்க இரைச்சலாகிவிடும்.

நேரில் வாங்கினால் ஓரத்தை நகத்தால் தட்டிப் பாருங்கள். ஸ்டைரீன் டக் டக் என்று கூர்மையாக ஒலிக்கும், வினைலின் சத்தம் மங்கலாக இருக்கும். இணையத்தில் வாங்கினால், பாட்டு முடிந்து லேபிளுக்கு முன்னால் வரும் வெற்று வளையத்தின் படத்தைக் கேளுங்கள். அங்கே சின்ன முக்கோணமும் எண்ணும் கீறப்பட்டிருந்தால் அது மொனார்க் ஆலைத் தட்டு.

வினைல் நல்லது என்பதால் பிரிட்டன் தட்டே எப்போதும் மேல் என்று சொல்லவில்லை. அமெரிக்கப் பாடல்களுக்கு பிரிட்டனுக்கு வந்ததெல்லாம் பெரும்பாலும் மூல ஒலிநாடாவின் நகல்தான். அதிலிருந்து வெட்டிய தட்டில் பளிச்சென்ற தன்மை சில சமயம் குறைந்திருக்கும். நல்ல நிலையில் உள்ள அமெரிக்க வினைல் பிரதி கிடைத்தால், அமெரிக்கப் பாட்டுக்கு அதை மிஞ்ச எதுவும் இல்லை. கிடைப்பது ஸ்டைரீன்தான் என்றால் நான் தயங்காமல் பிரிட்டன் பக்கம் போவேன். அமெரிக்காவின் டெட்ராயிட்டில் இருந்த மோட்டவுன் நிறுவனத்தின் பாடல்களுக்காக பிரிட்டனின் இ.எம்.ஐ. நிறுவனம் 1965 மார்ச்சில் 'டாம்லா மோட்டவுன்' என்ற தனி லேபிளைத் தொடங்கியது. சுப்ரீம்ஸின் 'ஸ்டாப்! இன் த நேம் ஆஃப் லவ்' அதன் முதல் சிங்கிள். அந்தக் கறுப்பு லேபிள் தட்டுகள் உறுதியானவை, பின்னணி இரைச்சல் குறைவு. அதற்கு முந்தைய அமெரிக்கப் பாடல்களுக்கு டெக்கா நிறுவனத்தின் 'லண்டன் அமெரிக்கன்' லேபிள் இருக்கிறது. அந்த லேபிளுக்காகவே தட்டு தேடும் சேகரிப்பாளர்களும் உண்டு.

பிரிட்டன் பாடகர்கள் என்றால் பிரிட்டன் தட்டுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டு நாட்டுத் தட்டிலும் இருப்பது ஒரே பதிவு என்று நினைத்துவிடக் கூடாது. பீட்டில்ஸின் 'லவ் மீ டூ' 1962 அக்டோபரில் இ.எம்.ஐ.யின் பார்லஃபோன் பெயரில், சிவப்பு லேபிளில் வந்தபோது டிரம்ஸ் வாசித்தது குழுவின் டிரம்மர் ரிங்கோ. 1964-இல் அமெரிக்காவில் டாலி லேபிளில் வந்த சிங்கிளில் டிரம்ஸ் வாசித்தது வெளியிலிருந்து அழைக்கப்பட்ட ஆண்டி ஒயிட், ரிங்கோ கையில் டாம்பரின் (சலங்கை கட்டிய கஞ்சிரா போன்ற வாத்தியம்). டாம்பரின் சத்தம் கேட்கிறதா என்று பார்த்தாலே எது எது என்று தெரிந்துவிடும். 1969-இல் வந்த 'கெட் பேக்' பிரிட்டனில் மோனோ, அமெரிக்காவில் ஸ்டீரியோ. இப்படிப்பட்ட பாடல்களுக்கு நான் இரண்டையும் வாங்கச் சொல்வேன். இந்த வேறுபாடுகளைக் காதால் கண்டுபிடிப்பதில்தான் சிங்கிள் சேகரிப்பின் பெரிய சுகமே இருக்கிறது.

உறை விஷயத்தில் 60களில் அமெரிக்காவுக்கே வெற்றி. எல்விஸ், பீட்டில்ஸ் போன்ற பெரிய பெயர்களுக்குப் படம் போட்ட உறை கிடைத்தது. பிரிட்டனில் பெரும்பாலும் நிறுவனத்தின் பொது உறைதான், பார்லஃபோன் என்றால் பச்சை. படம் வேண்டுமானால் பிரிட்டனின் இ.பி.க்களைப் பாருங்கள். நாலு பாட்டு, பளபளப்பான அட்டை உறை, நல்ல வினைல். என் கணிப்பில் அந்தக் காலத்தின் மிகச் சிறந்த ஏழு அங்குலப் பொருள் அதுதான். 70களின் இறுதியில் பங்க் என்ற முரட்டு ராக் இசையின் அலையோடு பிரிட்டன் சிங்கிள்களுக்கும் படஉறை வந்துவிட்டது. ஆனால் அதே காலத்தில் பாலிடோர், ஃபோனோகிராம் தட்டுகள் பலவற்றில் காகித லேபிள் போய், பிளாஸ்டிக் மேலேயே அச்சிடும் மலிவு முறையும் வந்தது.

நமக்கு மூன்றாவதாக ஒரு வாய்ப்பும் இருக்கிறது: கல்கத்தா அருகே டம்டம் ஆலையில் கிராமஃபோன் கம்பெனி அச்சிட்ட இந்தியத் தட்டுகள். மேலைநாடுகள் நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய வகைத் தட்டைக் கைவிட்ட பிறகும் இங்கே அது ஓடிக்கொண்டிருந்ததால், பீட்டில்ஸ் பாடல்கள் 60களின் நடுவிலும் 78 சுற்று அரக்குத் தட்டில் வெளிவந்தன. உலகெங்கும் உள்ள பீட்டில்ஸ் சேகரிப்பாளர்கள் இவற்றைத் தேடுகிறார்கள். வீட்டுப் பரணில் பழைய 78கள் இருந்தால் ஒவ்வொன்றின் லேபிளையும் படித்துப் பார்த்த பிறகே அடுத்தவருக்குக் கொடுங்கள். அரக்குத் தட்டை ஆல்கஹால் கலந்த திரவத்தால் துடைக்கவே கூடாது, மேற்பரப்பு கரைந்துவிடும்.

விலை விஷயம் எளிது. பெரிய வெற்றி பெற்ற பாட்டு என்றால் லட்சக்கணக்கில் அச்சாகியிருக்கும், எந்த நாட்டுத் தட்டும் மலிவு. விற்காமல் போன பாட்டுதான் விலை ஏறும். மோட்டவுனின் துணை லேபிளான 'சோல்' 1965-இல் அச்சிட்டுவிட்டு வெளியிடாமல் நிறுத்திய ஃபிராங்க் வில்சனின் சிங்கிள், 2009-இல் 25,000 பவுண்டுக்கு மேல் போனது. அந்தப் போட்டி நமக்கு வேண்டாம்.

நிலைக் குறியீட்டில் மட்டும் கவனமாக இருங்கள். சேகரிப்பாளர்களுக்கான அமெரிக்க இதழான கோல்ட்மைனின் அளவுகோலில் 'வி.ஜி.' என்றால் "மிக நன்று" என்று பெயர், ஆனால் இரைச்சல் நன்றாகவே கேட்கும். 'வி.ஜி. பிளஸ்'ஸுக்குக் கீழே வாங்காதீர்கள். ஸ்டைரீனாக இருந்தால் அதற்கும் மேலே. வெளிநாட்டிலிருந்து ஒரே ஒரு சிங்கிளை வரவழைத்தால் தபால் செலவு தட்டின் விலையைத் தாண்டிவிடும். பத்துப் பன்னிரண்டு தட்டுகளை ஒரே விற்பனையாளரிடம் சேர்த்து வாங்குங்கள். பீட்டில்ஸில் தொடங்குகிறவர்களுக்கு, 1976-இல் இ.எம்.ஐ. பிரிட்டனில் பச்சை உறையோடு மறுபடி வெளியிட்ட சிங்கிள்களையே சொல்வேன். அவை முதல் பதிப்பு அல்ல, ஆனால் நல்ல நிலையில், கைக்கு அடங்கும் விலையில் இன்னும் கிடைக்கின்றன.