தறப்பாளா, கூடாரமா, தொங்குபடுக்கையா? நக்கிள்ஸ் காட்டில் ஓர் இரவுக்கான தெரிவு

யாழ்ப்பாணத்தில் மலையும் இல்லை, வற்றாத ஆறும் இல்லை. சுண்ணக்கல்லின் மேல் தட்டையாகக் கிடக்கும் மண்ணில் வளர்ந்த எங்களில் பலருக்கு, மின்சாரமோ குழாய்த் தண்ணீரோ மலசலகூடமோ இல்லாத மலைக்காட்டில் ஓர் இரவு தங்கிவர வேண்டும் என்ற ஆசை அண்மைக் காலத்தில் வலுத்திருக்கிறது. ஏ9 வீதியால் தெற்கே இறங்கினால் கண்டிக்கு முன்னரே மாத்தளை வந்துவிடும். அங்கிருந்து இரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டனுக்கு ஏறலாம் என்பதால், நக்கிள்ஸ் மலைத்தொடரே எங்களுக்கு வசதியான மலைக்காடு. 2010 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்த மத்திய மலைநாட்டின் மூன்று பகுதிகளில் அதுவும் ஒன்று. போகும் வழியும் அனுமதியும் தெரிந்த பின்னர் எஞ்சும் பெரிய கேள்வி, எதன் கீழே படுப்பது என்பதே. தறப்பாள், கூடாரம், தொங்குபடுக்கை ஆகிய மூன்றையும் இங்கே ஒப்பிடுகிறேன்.

நான்காவதாக ஒரு வழியும் சிலர் மனத்தில் இருக்கும். கொப்புகளை வெட்டி நட்டு, இலைகுழையால் வேய்ந்து கொட்டில் போடுவது. கிடுகு பின்னி வேலி அடைத்த கைகளுக்கு அது கடினமான வேலையில்லை. ஆனால் அது பாதுகாக்கப்பட்ட காடு. வனவளத் திணைக்களத்தின் அனுமதியுடன் நுழையும் எவரும் அங்கே ஒரு கொப்பையும் வெட்டக் கூடாது. ஆகவே அந்த வழியை இத்துடன் விட்டுவிடுகிறேன்.

முதலில் அந்தக் காடு உடம்புக்கு என்ன செய்யும் என்பதைப் பார்க்க வேண்டும். ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ ஆறு பாகை குறையும். தொடரின் உச்சியான கொம்பானிய 1,906 மீற்றர் உயரம். நாம் தங்கக்கூடிய இடங்கள் அதைவிடக் கீழே இருந்தாலும், தை மாத இரவில் யாழ்ப்பாணத்தில் மின்விசிறியை நிறுத்துவதோடு முடியும் குளிர், அங்கே பல்லைக் கிட்டச் செய்யும். வடகீழ்ப் பருவமழை கிழக்குச் சரிவுகளை நனைத்து ஓய்ந்த பின்னர், மாசி முதல் சித்திரை வரையான காலமே ஓரளவு காய்ந்தது. அப்போதும் பின்னேரத்தில் மழை வராது என்று எவரும் உறுதி சொல்ல முடியாது. நிலமோ எப்போதும் சரிவானது, ஈரமானது, உக்கும் சருகால் மூடியது. அந்தச் சருகுக்குள் அட்டைகள் இருக்கும். சிங்களத்தில் குணகட்டுவா என்று சொல்லும், மூக்கு நுனி மேலெழுந்த சிறிய விரியனும் இருக்கக்கூடும். இலங்கையில் மிக அதிகமாக மனிதரைக் கடிக்கும் நச்சுப்பாம்புகளில் அது முதன்மையானது. நமது மருத்துவமனைகளில் உள்ள இந்திய விஷமுறிவு மருந்து அதன் நஞ்சுக்கு வேலை செய்யாது. அதனால் தங்குமிடத்தை மதிப்பிடும்போது, தலைக்கு மேலே மழையை எப்படித் தடுக்கிறது என்பதைவிட, முதுகுக்குக் கீழே நிலத்தை எப்படித் தடுக்கிறது என்பதையே நான் முதலில் கேட்பேன்.

தறப்பாளைப் பற்றி எழுதும்போது எங்கள் ஊரில் வேறொரு நினைவும் கூடவே வரும். 1995 ஒக்டோபர் 30 இரவு போரால் வலிகாமத்தை விட்டு மழைக்குள் தென்மராட்சிக்கு நடந்தவர்களுக்கும், 2009 இல் முகாம்களில் இருந்தவர்களுக்கும் அது பொழுதுபோக்கின் பொருள் அன்று. நான் முதன்முறை தறப்பாளை மடித்துப் பையில் வைத்தபோது அம்மா, “தம்பி, உதுக்குக் கீழ படுத்து நாங்கள் பட்டது காணாதோ, இனிக் காசு குடுத்துப் போய்ப் படுக்கப் போறியோ?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் இலேசாக எடுக்கவில்லை. எனினும் தறப்பாளை எப்படிக் கட்ட வேண்டும் என்று பிறகு எனக்குக் கற்றுத் தந்தவரும் அவர்தான்: காற்று வரும் பக்கத்தைத் தாழ்த்திக் கட்ட வேண்டும், நடுவில் தண்ணீர் தேங்கும் பள்ளம் இருக்கக் கூடாது, மேட்டுப் பக்கத்தில் படுக்கைக்கு வெளியே தண்ணீர் திரும்பிப் போக வழி இருக்க வேண்டும்.

தறப்பாளின் பலம் அதன் எளிமை. எந்தக் கடையிலும் கிடைக்கும், நான்கு பேர் படுக்கப் போதுமான ஒன்று ஒன்றிரண்டு கிலோவுக்குள் அடங்கும், கிழிந்தால் ஒட்டலாம், இரண்டு மரங்களுக்கு இடையே கயிறு இழுத்துப் போட்டால் பத்து நிமிடத்தில் கூரை. பக்கங்கள் திறந்திருப்பதால் மூச்சின் ஈரம் தேங்காது. ஆனால் அது கூரை மட்டுமே. அட்டையும் நுளம்பும் பாம்பும் தாராளமாக உள்ளே வரலாம். சரிவில் ஓடிவரும் மழைநீர், கீழே விரித்த பாயை நேராகத் தேடி வரும். அட்டை ஏறாமலிருக்க உப்பையும் சவர்க்காரத்தையும் காலில் பூசிக்கொண்டு நடக்கலாம். அவற்றைப் பூசிக்கொண்டு எட்டு மணிநேரம் தூங்க முடியாது. நக்கிள்ஸில் தறப்பாளை மட்டும் நம்பித் தரையில் படுப்பதை நான் எவருக்கும் சொல்ல மாட்டேன்.

கூடாரம் இந்தக் குறையைத் தீர்க்கிறது. தைத்த தரையும் வலைக் கதவும் இருப்பதால், சப்பாத்தை வெளியே கழற்றி, காலைப் பார்த்துத் துடைத்து உள்ளே போனால் அட்டையின் தொல்லை அத்தோடு முடிந்தது. குழந்தைகளுடனோ முதல்முறை வருபவருடனோ போகும்போது அந்த மூடிய சிறு அறை தரும் மன அமைதிக்கு ஈடில்லை. ஒன்றைக் கவனித்து வாங்க வேண்டும்: மலிவாக விற்கும் ஒற்றைத் துணிக் கூடாரம் கடற்கரைக்குப் போதும், மலைக்குப் போதாது. இரவில் நம் மூச்சின் ஈரம் குளிர்ந்த துணியின் உட்புறத்தில் துளியாகப் படிந்து, விடியுமுன் போர்வையை நனைத்துவிடும். உள்ளே வலைத்துணியும் வெளியே தனி மழைத்துணியும் கொண்ட இரட்டைக் கூடாரமே வேண்டும். இருவருக்கான அத்தகையது இரண்டு, மூன்று கிலோ வரும். அதற்கும் மேலாக, தட்டையான நிலம் வேண்டும். நக்கிள்ஸ் சரிவில் கூடாரத்துக்கு அளவான சமநிலம் தேடி அந்திப் பொழுதில் அலைவது, ஏற்றத்தைவிடக் களைப்பான வேலை.

தொங்குபடுக்கைக்குச் சமநிலமே தேவையில்லை. எங்கள் வீடுகளில் குழந்தைக்குக் கட்டும் ஏணையை நீட்டிப் பெரிதாக்கினால் அதுதான் இது. பாறையோ, சேறோ, வேரோ கீழே எது இருந்தாலும் உடம்புக்குத் தெரியாது. ஆனால் அதைக் கட்டுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. பலர் தவறுவது அதில்தான். படுக்கை தொய்யக் கூடாது என்று கயிற்றை இறுக்கி இழுப்பார்கள். கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சரிந்திருந்தால், 70 கிலோ எடையுள்ளவர் படுக்கும்போது ஒவ்வொரு பக்கக் கயிறும் ஏறத்தாழ 70 கிலோ இழுவையைத் தாங்கும். அதையே 10 பாகைக்கு இறுக்கினால் இழுவை 200 கிலோவாகும். முடிச்சு அவிழும், அல்லது மரப்பட்டை நசியும். எனவே தாராளமாகத் தொய்யவிட்டு, நீளவாட்டில் அல்லாமல் சற்றுக் குறுக்காகப் படுக்க வேண்டும். முதுகு அப்போதுதான் நிமிரும். மரத்தில் கயிற்றைச் சுற்றாமல் அகலப் பட்டியைச் சுற்றுவது மரத்துக்குச் செய்யும் மரியாதை.

அதன் பலவீனம் குளிர். காற்று முதுகுக்குக் கீழாலும் போகும். போர்வை எவ்வளவு தடிப்பாயினும் உடம்பின் கீழ் நசிந்து பயனற்றுப்போகும். தண்ணீர் உறிஞ்சாத நுரைப்பாய் ஒன்றை உள்ளே விரிக்காமல் படுத்த இரவில், சாரத்தையும் துவாயையும் சுற்றிக்கொண்டு நான் விடியும்வரை விழித்திருந்தேன். மேலே கூரையும் தனியாக வேண்டும். கட்டும் பட்டியில் ஒரு சிறு நூலைத் தொங்கவிட்டால், மரத்தால் வழியும் மழைநீர் அதனால் சொட்டிவிடும், படுக்கைக்கு வராது.

ஆக, இடமே தெரிவைத் தீர்மானிக்கிறது. ரிவர்ஸ்டன் முகட்டைப்போலக் காற்று அறையும் உயரங்களில் மரங்கள் குட்டையானவை, பட்டி கட்ட உதவாதவை. பிட்டவல பத்தனை போன்ற புல்வெளியில் மரமே அரிது, மண்ணும் மெல்லியது. அத்தகைய இடத்தில் தங்க அனுமதி கிடைத்தால் கூடாரம்தான். ஆணி இறங்காத பக்கத்தைக் கல்லால் அமர்த்த வேண்டும். மீமுரேப் பக்கத்தில் நீரோடைகளை அண்டிய உயர்ந்த மரக்காட்டில், தொங்குபடுக்கையும் அதன் மேல் குறுக்காகக் கட்டிய தறப்பாளும் சேர்ந்ததற்கு நிகர் வேறில்லை. என் தெரிவும் அதுவே. கூடாரத்தோடு போனாலும் ஒரு தறப்பாளைக் கொண்டுபோங்கள். மழைக்குள் அடுப்பு மூட்டவும் ஈரச் சப்பாத்தைக் கழற்றவும் அதன் கீழ் மட்டுமே இடம் இருக்கும்.

எதை வாங்கினாலும் மலைக்குக் கொண்டுபோகுமுன் வீட்டில் பழகிப் பாருங்கள். கார்த்திகை மாரி எங்கள் முற்றத்துக்கே வருகிறது. மாமரத்துக்கும் தென்னைக்கும் இடையில் கட்டி, மழை கொட்டும் ஓர் இரவு முழுவதும் அதற்குள் படுத்தால், எந்த முடிச்சு இளகும், எந்தத் தையல் ஒழுகும் என்பது தெரிந்துவிடும். சரிசெய்ய மாசி வரை காலம் இருக்கிறது.