ரெண்டு பேர் ஓட்டுற போட்டுக்கு எந்தக் கம்பு? லைன் கன்ட்ரோல் விஸ்கர் போல் – ஒரு சீசன் ஓட்டிப் பார்த்த ரிவ்யூ

ஆஸ்திரேலியாவுல பிரிஸ்பேன் பக்கம் மேன்லில பாய்மர போட் வச்சிருக்கவங்க நிறைய பேரு மே, ஜூன் வந்தா வடக்க கிளம்பிடுவாங்க, விட்சண்டே தீவுங்க வரைக்கும், தெம்பு இருக்கவங்க லிசர்ட் ஐலண்ட் வரைக்கும். அந்த சீசன்ல தென்கிழக்குக் காத்து 15-லேர்ந்து 25 நாட் (கடல்ல காத்து வேகத்தை அளக்குற கணக்கு) வரைக்கும் நாள்கணக்கா அடிக்கும், கிளாட்ஸ்டோன் தாண்டினா கரையும் வடமேற்காவே போகுது, அதனால காத்து நேரா முதுகுல. கேக்க சொகுசாதான் இருக்கும். ஆனா மெயின்செயில் (மாஸ்ட்டுங்கற பாய்மரத்துக்குப் பின்னாடி உள்ள பாய்) மறைச்சுக்கிட்டு முன்னாடி உள்ள ஜெனோவாங்கற பெரிய பாய்க்குக் காத்தே கிடைக்காது, துணி மாதிரி தொங்கும், போட் ஒரு உருளு உருண்டா திடீர்னு நிரம்பி டமார்னு அடிக்கும், மாஸ்ட்டே அதிரும், கீழ படுத்திருக்கவங்க தூக்கம் போச்சு. ஜெனோவாவை எதிர்ப்பக்கம் இழுத்து ஒரு கம்பால முட்டுக் கொடுத்து நிறுத்தினா ரெண்டு பாயும் ரெண்டு பக்கம் விரிஞ்சு நிக்கும், சத்தமும் போயிடும், உருளுறதும் கொஞ்சம் அடங்கும்.

அந்தக் கம்புல ரெண்டு ஜாதி. ஸ்பின்னேக்கர் (பலூன் மாதிரி உப்புற முன்பாய்) போல்னா நீளம் மாத்த முடியாது, மாஸ்ட் அடிலேர்ந்து ஃபோர்ஸ்டே (மாஸ்ட்டை முன்பக்கம் பிடிச்சு நிறுத்துற கம்பி) வரைக்கும் உள்ள தூரம் (அதைத்தான் J-ன்னு சொல்லுவாங்க) எவ்வளவோ அவ்வளவு நீளம், தடிமனான குழாய், ஏன்னா ஸ்பின்னேக்கர் இழுக்குற இழுப்புல கம்பு ஃபோர்ஸ்டே மேல போய் அழுத்தும், அந்த லோடைத் தாங்கணும். விஸ்கர் போல் ஜெனோவா, ஜிப் (சின்ன முன்பாய்) விரிக்க மட்டும், எடை கம்மி, பெரும்பாலும் இழுத்து நீட்டுற மாதிரி வரும். இதுல ஸ்பின்னேக்கர் கட்டலாமான்னு கேக்காதீங்க, கட்டக் கூடாது.

எங்க போட் 36 அடி ஸ்லூப் (ஒரே மாஸ்ட் போட்), J 4.3 மீட்டர், ஜெனோவா 135% (பாயோட அகலம் J-ல எத்தனை சதவீதம்ங்கற கணக்கு). வாங்கினது அலுமினியத்துல லைன் கன்ட்ரோல் கம்பு (கயிறு இழுத்து நீளம் மாத்துறது), மூடினா 3.7 மீட்டர், முழுசா நீட்டினா 6.7. பிராண்ட் பேர் போடல, கீழ கொஞ்சம் திட்டப் போறேன், அதுவும் இல்லாம இந்தக் குறை இழுத்து நீட்டுற கம்பு எல்லாத்துலயும் ஓரளவுக்கு இருக்கு.

நீளம் பத்தி முதல்ல. உங்க ஜிப் 100-லேர்ந்து 115%க்குள்ளன்னா J நீளக் கம்பே அழகா போதும், பழைய ஸ்பின்னேக்கர் போல் டெக்ல சும்மா கிடந்தா அதையே மாட்டுங்க, ஒரு டாலரும் செலவு பண்ணாதீங்க. 135%ன்னா J நீளக் கம்பை முழுசா பக்கவாட்டுல திருப்பி வச்சாதான் பாயோட அடி விறைப்பா நிக்கும், இல்லன்னா ஃபர்லர்ல (முன்பாயைச் சுருட்டுற உருளை) நாலு சுத்து சுத்திப் பாயைச் சின்னதாக்கணும். 25 நாட்ல எப்படியும் சுத்தத்தான் போறோம், அது வேற விஷயம். காத்து பன்னெண்டு பதிமூணுன்னு இருக்கும்போதுதான் நீளக் கம்போட அருமை தெரியும், முழுப் பாயும் வெளிய போய் நிக்கும்.

ஆனா கடைசி வரைக்கும் நீட்டாதீங்க. வீட்டுல ஒட்டடைக் கம்பை முழுசா இழுத்து சுவத்துல முட்டி அழுத்திப் பாருங்க, நடுவுல வளையும்ல, அதேதான் இங்கயும். ஒரே குழாய்ல நீளம் ரெண்டு மடங்கானா அமுக்கத்தைத் தாங்குற சக்தி நாலுல ஒண்ணாயிடும், அதுலயும் உள்குழாய் இன்னும் மெலிசு. நாங்க 5.5 மீட்டர் தாண்ட மாட்டோம். உங்களுக்கு வேண்டிய நீளம் அந்தக் கம்போட முழு நீளத்துல ஒரு எண்பது சதவீதத்துல வந்து நிக்குற சைஸா பாத்து வாங்குங்க.

இப்ப முக்கியமான மேட்டர். கடைல யாரும் இதைச் சொல்ல மாட்டாங்க, அவங்க கார்பனா அலுமினியமான்னு ஆரம்பிச்சுடுவாங்க. கம்பு எந்தப் பொருள்ங்கறதைவிட, பாய் இல்லாமலே அது தனியா நிக்குதாங்கறதுதான் ரெண்டு பேர் மட்டும் ஓட்டுற போட்டுக்கு உயிர். மேல தூக்க டாப்பிங் லிஃப்ட், முன்னாடி கீழ இழுக்க ஃபோர்கை, பின்னாடி இழுக்க ஆஃப்டர்கை, இந்த மூணு கயிறும் கட்டிட்டா கம்பு காத்துல அப்படியே அசையாம நிக்கும், ஷீட் (பாயை இழுக்குற கயிறு) அதோட நுனில சும்மா ஓடிட்டு வரும். ஜெனோவா சுருட்டி இருக்கும்போதே கம்பை ஏத்தி நிறுத்திடுவோம், அப்புறம் காக்பிட்ல உக்காந்துக்கிட்டே ஷீட்டை இழுத்தா பாய் விரிஞ்சு வரும். ஸ்குவால் (திடீர்னு வர்ற பலத்த காத்து) கறுத்துக்கிட்டு வருதா, ஷீட்டை விட்டுக்கிட்டே ஃபர்லரை இழு, பாய் உள்ள போயிடும், கம்பு அங்கயே நிக்கட்டும். யாரும் ஃபோர்டெக்குக்கு (முன்தளம்) ஓட வேண்டாம். அதே வழில பெர்சி தீவுக்கும் மெக்கேக்கும் நடுவுல கடல் ஏத்தவத்தம் பெருசு, நீரோட்டம் காத்துக்கு எதிரா திரும்பினா கடல் குத்துக்குத்தா எழும்பும், அங்க ராத்திரி முன்னாடி போய் கம்பைக் கழட்டச் சொன்னா நான் மாட்டேன். "ஏங்க, கயிறு கட்டியாச்சுல்ல?" – எங்க வீட்டம்மா வீல்ல நின்னுக்கிட்டு கேக்குற ஒரே கேள்வி இதான்.

தனியாளா உலகத்தைச் சுத்துற கோல்டன் குளோப் ரேஸ் 2022 எடிஷன்ல ஜெயிச்ச கிர்ஸ்டன் நாய்ஷாஃபர் ரெண்டு முன்பாயை ரெண்டு கம்புல விரிச்சே தெற்குப் பெருங்கடல்ல ஓட்டினாங்க, அதுவும் 36 அடி போட்தான். ரெண்டாவது வந்தது நம்ம அபிலாஷ் டோமி.

சரி, திட்டு. லைன் கன்ட்ரோல்னா உள்குழாயை ஒரு கயிறு இழுக்கும், அந்தக் கயிறு வெளிக்குழாய்க்குள்ள சுத்தி வந்து ஒரு கிளீட்ல (கயிறைக் கவ்விப் பிடிக்குறது) நிக்கும். லோடு இல்லாதப்ப வெண்ணெய் மாதிரி ஓடுது, பாய் நிரம்பினதுக்கப்புறம் ஒரு இஞ்ச் நகராது, "ஓடும்போதே அட்ஜஸ்ட் பண்ணலாம்"னு பிரவுச்சர்ல போட்டிருந்ததை நம்பாதீங்க. உப்பு உள்ள சேந்தா கரகரன்னு சத்தம், ஒருநாள் பாதில மாட்டிக்கிட்டு வரவே இல்ல, நல்ல தண்ணி ஊத்தி ஊத்தி எடுத்தேன். கிரீஸ் போடாதீங்க, மண்ணும் உப்பும் அதுல ஒட்டிக்கும், டெஃப்லான் டிரை ஸ்பிரே போதும். நுனில ஸ்டெயின்லெஸ் ரிவெட் அலுமினியத்துல நேரா அடிச்சிருக்கான், நடுவுல ஒரு பேஸ்ட்டும் தடவல, ஒரே சீசன்ல சுத்தி வெள்ளைப் பொடி பூத்துடுச்சு. இந்த விலைக்கு இது அநியாயம். ட்விஸ்ட் லாக் இதைவிட மலிவு, ஆனா உப்புல வழுக்கும் இல்லன்னா இறுகிடும், சின்ன போட்டுக்கு ஓகே. ஓட்டைல பட்டன் விழுற டைப் அழகு இல்ல, ஆனா வழுக்காது.

இன்னொண்ணு, கம்பு நுனில உள்ள ஜா (ஷீட்டைக் கவ்வுற கொக்கி). ஷீட்டை நேரா அதுல விட்டா ஒரு ராத்திரிலயே கயிறு தேஞ்சு பஞ்சு பஞ்சா வந்துடுது. ஜால ஒரு சின்ன ஸ்ட்ராப் போட்டு பிளாக் (கப்பி) தொங்கவிட்டு அதுல ஷீட்டை ஓட்டினேன், தேய்மானமே இல்ல.

கார்பன்? எடை கிட்டத்தட்ட பாதி, தனியா ஏத்துறவங்களுக்கு முதுகு பிழைக்கும், ஆனா ஷ்ரௌட்ல (மாஸ்ட்டைப் பக்கவாட்டுல பிடிக்குற கம்பி) இடிச்சா அலுமினியம் நெளியும், கார்பன் விரிசல் விட்டு ஒரேடியா போயிடும், விலையும் எட்டாது. எங்களுக்கு மாஸ்ட் முன்பக்கம் டிராக் போட்டு கம்பை அதுலயே செங்குத்தா நிறுத்திக்கிறதால எடை பெரிய பிரச்சினையா தெரியல. கம்பு வாங்கக் காசு ஒதுக்கும்போதே டிராக்குக்கும் ஒதுக்கிடுங்க.

அஞ்சுக்கு மூணரை கொடுப்பேன், ஒரு மார்க் ரிவெட்டுக்காகவே போச்சு. செகண்ட்ஹேண்ட்ல பாக்குறவங்க முழுசா நீட்டி ரெண்டு முனையிலயும் முட்டு வச்சு நடுவுல தூக்கிப் பாருங்க, குழாய் சேர்ற இடத்துல லொடலொடன்னு ஆடினா விட்டுடுங்க, ஜா ஸ்பிரிங்கை மட்டும் மாத்திக்கலாம், அது லேசுல கிடைக்கும்.