கறுக்காத கண்ணன்

தஞ்சாவூர் ஓவியம் வாங்கி ஒருமுறை ஏமாந்தவன் நான். ஆறு வருடத்துக்கு முன்பு ஒரு பெரிய கடையில், ‘22 காரட் ரேக்கு (மெல்லிய தங்கத் தகடு), பலாப் பலகை’ என்று கற்பூரம் அணைக்காத குறையாகச் சத்தியம் செய்தார்கள். தஞ்சாவூர் ஓவியத்துக்கு 2007-08இல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைக்கூட ஃப்ரேம் போட்டு மாட்டியிருந்தார்கள். குறியீடு ஊருக்குத்தான், என் படத்துக்கு அல்ல என்பது அப்போது உறைக்கவில்லை. மூன்றாவது மழைக்காலத்தில் கிரீடம் கறுத்தது. தூக்கிக்கொண்டு போய்க் காட்டினால், “கண்ணன்னாலே கறுப்புதானே சார்” என்றார் முதலாளி. நான் சிரித்துத் தொலைத்துவிட்டேன். அதோடு புகார் செத்தது.

இந்த முறை மகள் கிரகப்பிரவேசத்துக்காக, தஞ்சாவூர் கீழவாசல் பக்கம் ஒரு வீட்டுப் பட்டறை. திண்ணையை மறித்த ஓர் அறை, போர்டு கிடையாது. அப்பாவும் மகனும் வேலை செய்கிறார்கள். பெரியவர் வாயைத் திறந்ததுமே தன் வியாபாரத்தைத் தானே கெடுத்துக்கொண்டார். “பலா எல்லாம் அந்தக் காலங்க. இது பிளைவுட். மேல காடாத் துணி ஒட்டியிருக்கோம்.”

பாதியில் நின்ற ஒரு படத்தை வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினார். சாக்பவுடரும் கோந்தும் குழைத்த மக்கு, மாலையாகவும் தூணாகவும் வெள்ளை வெளேரென்று புடைத்திருந்தது. நடுநடுவே ஜெய்ப்பூர் கற்கள். நகை போடாத கல்யாணப் பெண்ணைப் பார்த்துவிட்ட மாதிரி எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது. இதன்மேல்தான் ரேக்கு ஒட்டுவார்கள், அப்புறம் வண்ணம், கடைசியில் முகம்.

ரேக்கில் இரண்டு துண்டு வெட்டி என் உள்ளங்கையில் வைத்து, எது தங்கம் என்று கேட்டார். பளபளத்ததைக் காட்டினேன். “அது போலி. தங்கம் அடங்கித்தாங்க இருக்கும்.” அறுபது வயதில் இதுகூடத் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

நான் செய்யச் சொன்னது வெண்ணெய்த்தாழிக் கண்ணன். எங்கள் மன்னார்குடியில் பங்குனித் திருவிழாவில் வெண்ணெய்த்தாழி அன்று அவன்மேலேயே வெண்ணெயை வீசுவோம், திருடனுக்கு அதுதான் தண்டனை. படத்தில் அவன் தாழியைக் கட்டிக்கொண்டு, எடுத்தது நானில்லை என்பதுபோல் பார்க்கிறான். அந்தக் கண்ணுக்கே கொடுத்த காசு சரி.

குறை ஒன்று உண்டு. தங்கத்தில் பொய் சொல்லாத மனிதர், தேதியில் வாயைத் திறந்தாலே பொய். “வெள்ளிக்கிழமை வாங்க” என்றார். நான்கு வெள்ளி போய்விட்டது. ஒவ்வொரு முறையும் “முகம் மட்டும்தாங்க பாக்கி” என்று ஒரே பதில், நடுவில் ஒருநாள் போன் எடுக்கவே இல்லை. விசேஷத்துக்கு வேண்டும் என்றால் ஒரு மாதம் முன்கூட்டியே தேதி சொல்லிவையுங்கள்.

பதினைந்துக்குப் பன்னிரண்டு அங்குலம், தேக்குச் சட்டத்தோடு 18,500 ரூபாய். வீட்டில் 14,000 என்று சொல்லியிருக்கிறேன். பில்லைப் படத்தின் பின்பக்கம் சட்டத்துக்குள் செருகியாயிற்று. மகள் ஆணி அடித்து மாட்டும்போது பார்த்தால் பார்க்கட்டும், அவள் அம்மாவிடம் சொல்லாமல் இருந்தால் சரி.