வியன்னாவில் ஒரு மாலை: உட்கார்ந்து மொசார்ட்டா, நின்றுகொண்டு ஓபராவா?

வியன்னாவில் புனித ஸ்டீபன் தேவாலயத்தைச் சுற்றி நடந்தால், வெள்ளை டோபாவும் சிவப்புக் கோட்டும் போட்ட யாராவது கையில் படம் போட்ட அட்டையுடன் மறிக்காமல் விடமாட்டார். இசைமேதை மொசார்ட்டின் இசையை வாசிக்கும் கச்சேரிக்கு டிக்கெட் விற்கிறார். அங்கிருந்து பத்து நிமிட நடையில் அரசு ஓபரா அரங்கம், பாட்டாகவே நடக்கும் நாடகம்தான் ஓபரா. அங்கே நின்றுகொண்டு பார்க்கும் டிக்கெட்டை அன்றன்றைக்கு வாங்கலாம். முதல் நாள் அம்மாவோடு கச்சேரிக்குப் போனேன், மறுநாள் தனியாக ஓபராவுக்கு. இனி போனால் ஓபராதான்.

கச்சேரி மோசமில்லை. வாத்தியக்காரர்களும் டோபா வைத்திருந்தார்கள், நன்றாகவே வாசித்தார்கள். ஆனால் எல்லாமே துண்டு துண்டு. ஒரு சிம்பொனியில் கொஞ்சம், ஒரு ஓபராவிலிருந்து ஒரு பாட்டு. கடைசியில் ராடெட்ஸ்கி அணிவகுப்பு இசைக்கு எல்லோரும் கைதட்டினோம். மொசார்ட் இறந்தது 1791-இல், அந்த இசை வந்தது 1848-இல். மொசார்ட் காலத்து டோபாவோடு அதை வாசிப்பதைப் பார்க்கச் சிரிப்பு வந்தது. நான் போனது ஒரே ஒரு கச்சேரி, மற்ற குழுக்களையும் இதை வைத்து எடைபோட முடியாது.

விலையை நீட்டி முழக்க வேண்டியதில்லை. கச்சேரிக்கு ஆளுக்கு ஐம்பது யூரோவுக்கு மேல் ஆனது, ஓபராவில் நிற்க இருபதுக்குள் முடிந்துவிட்டது. ஓபராவில் கேட்பதும் சாதாரண வாசிப்பில்லை. புத்தாண்டுக் கச்சேரியால் உலகம் அறிந்த வியன்னா ஃபில்ஹார்மோனிக் என்ற குழுவின் கலைஞர்கள் இந்த அரங்கின் இசைக்குழுவிலிருந்து வருபவர்கள்தான்.

அப்படியானால் கேள்வி ஒன்றே ஒன்று: கால் தாங்குமா?

தாங்கும், எங்கே நிற்கிறோம், என்ன பார்க்கிறோம் என்று யோசித்துப் போனால். நிற்கும் இடம் மூன்று தளங்களில் இருக்கிறது. தரைத்தளத்தில், இருக்கைகளுக்குப் பின்னால், மேடைக்கு நேர் எதிரே நிற்பதுதான் ராஜ இடம். படிப்படியாக உயர்வதால் முன்னால் நிற்பவர் தலை அதிகம் மறைக்காது. மேல் தளத்தில் ஓரத்தில் மாட்டிக்கொண்டால் பாட்டு கேட்கும், பாதி மேடை தெரியாது. எங்கே நின்றாலும் சாய்ந்துகொள்ள முன்னால் கம்பி இருக்கும், வசனத்தை மொழிபெயர்த்துக் காட்டும் சின்னத் திரையும் உண்டு. உள்ளே போனதும் அந்தக் கம்பியில் ஒரு ஸ்கார்ஃபைக் கட்டிவிட்டால் இடம் நம்முடையது, வெளியே போய் உட்கார்ந்துவிட்டு வரலாம். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடித்த நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோட்டையும் பையையும் பொருள் காக்கும் அறையில் கொடுத்துவிடுங்கள், தோளில் சுமை இருந்தால் கால் இன்னும் சீக்கிரம் கெஞ்சும்.

அப்புறம், நாடகத்தின் நீளம். நான் பார்த்தது புச்சினி இசையமைத்த 'லா போஎம்', இடைவேளையோடு இரண்டரை மணி நேரம்தான். வாக்னர் இசையமைத்த ஓபரா என்றால் ஐந்து மணி நேரம்கூடப் போகும், முதல்முறை அந்த விஷப்பரீட்சை வேண்டாம். தினமும் நிகழ்ச்சி மாறுவதால் குட்டையானதாகத் தேடிப் போகலாம். இன்னொரு ரகசியம்: படம் எடுத்துக்கொள்ள மட்டும் வந்தவர்கள் இடைவேளையில் கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு நல்ல இடம் கிடைத்ததே அப்போதுதான். இத்தனைக்கும் கடைசி அங்கத்தில் கெண்டைக்கால் வலித்தது, பொய் சொல்லமாட்டேன்.

முட்டிவலி உள்ளவர்களுக்கும், சின்னப் பிள்ளைகளோடு வருபவர்களுக்கும் கச்சேரியே சரி. ஜூலை, ஆகஸ்டில் போகிறவர்களுக்கும் அதுதான் கதி, அப்போது ஓபராவுக்குக் கோடை விடுமுறை.

திரும்பி வந்து அம்மாவிடம் இன்னொன்றும் சொன்னேன்: வசந்த காலத்திலும் செப்டம்பரிலும் பல நாள்கள் உள்ளே நடப்பதை வெளியே பெரிய திரையில் இலவசமாகக் காட்டுவார்களாம். "அங்க நாற்காலி போடுவாங்களா?" என்றார். போடுவார்கள். "அப்ப எதுக்குடா நேத்து அவ்வளவு காசு குடுத்த?"