எண்ணெய் எடுக்க எது: டிரைக்ளோரோஎத்திலீனா, சோடாத் தொட்டியா?

லேத்தில் கடைந்த இரும்பில் துளி எண்ணெய்ப் பிசுக்கு மிஞ்சினாலும் முலாம் ஒட்டாது, செதில் செதிலாக உரிந்துவிடும். கப்பலூர்ப் பக்கம் ஒரு முலாம் பட்டறையில் பல ஆண்டுகள் இந்தப் பிசுக்கை எடுப்பதுதான் என் வேலை. என் தேர்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மதுரை வட்டாரத்துச் சிறு பட்டறைக்குச் சோடா கலந்த சுடுநீரில் கழுவும் சோடாத் தொட்டியே சரி.

மண்ணெண்ணெயை அதிகம் பேச வேண்டியதில்லை. மலிவு, ஆனால் தீப்பற்றும். கழுவிய பின்னும் தன் படலத்தை விட்டுப்போகும்.

எண்ணெயைக் கரைக்கும் குளோரின் கரைப்பானான டிரைக்ளோரோஎத்திலீன் வேலையில் கெட்டி என்பதை மறுக்க முடியாது. 87 டிகிரியில் கொதிக்கும். தொட்டியின் அடியில் சூடேற்றினால் ஆவி எழுந்து, குளிர்ந்த இரும்பில் பட்டுத் திரவமாகி, எண்ணெயை வழித்துக்கொண்டு கீழே சொட்டும். இண்டு இடுக்கெல்லாம் சுத்தமாகி, துண்டு காய்ந்தே வெளியே வரும். மண்ணெண்ணெய் போல எளிதில் தீப்பற்றாது. காய்ச்சி வடித்து மறுபடி பயன்படுத்தலாம். எந்த முதலாளிக்கும் பிடிக்காமல் போகுமா?

அந்த ஆவி காற்றைவிட நாலரை மடங்கு கனமானது. தொட்டிக்குள்ளும் தரைப் பள்ளத்திலும் தேங்கி நிற்கும். கீழே விழுந்த துண்டை எடுக்கத் தலையை உள்ளே விட்டவர் மயங்கிவிடுவார். ஒரு காலத்தில் இதை மயக்க மருந்தாகவே கொடுத்தார்கள். எங்களுடன் வேலை பார்த்த மூத்தவர் ஒருவருக்கு மாலையில் கொஞ்சம் குடித்தாலே முகமும் கழுத்தும் திட்டுத் திட்டாகச் சிவக்கும். சாராயக் கோளாறு என்றே நினைத்தோம். பகலில் இந்த ஆவியைச் சுவாசித்தவர்கள் குடித்தால் அப்படிச் சிவப்பது மருத்துவர்கள் அறிந்த அடையாளம் என்று பிறகுதான் படித்தேன். அதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. சிறுநீரகப் புற்றுநோயை உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை முதல் வகையிலேயே, அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியான பொருள்களில், வைத்திருக்கிறது.

அதைவிட என்னை அச்சுறுத்துவது நிலத்தடி நீர். இந்தத் திரவம் தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம். மண்ணில் கொட்டினால் நீர்மட்டத்தையும் தாண்டிக் கீழே இறங்கும். நம் வட்டாரமோ கடினப் பாறை நிலம். போர்வெல் தண்ணீர் பாறை வெடிப்புகளில் ஓடுகிறது. அந்த வெடிப்புகளுக்குள் புகுந்த திரவத்தை வெளியே எடுப்பது மிகக் கடினம். குடிநீரில் லிட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்பது அமெரிக்க வரம்பு. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒரு லிட்டர் டிரைக்ளோரோஎத்திலீன் 29 கோடி லிட்டர் தண்ணீரை அந்த அளவுக்குக் கொண்டுவரப் போதும். 12,000 லிட்டர் லாரியில் 24,000 நடைக்கு மேல்!

இதன் உறவுக் கரைப்பானான பெர்க்ளோரோஎத்திலீனுக்கு மாறினால் போதும் என்பார்கள். உலர்சலவைக் கடையில் வீசுகிற அதே வாடைதான். 121 டிகிரியில் கொதிப்பதால் எரிபொருள் கூடுதல்; புற்றுநோய்ப் பட்டியலில் ஒரு படி கீழே. நிலத்துக்குள் இறங்கும் குணம் மாறவே இல்லை.

சோடாத் தொட்டிக்கும் குறைகள் உண்டு. சோடியம் கார்பனேட், சிலிக்கேட், கொஞ்சம் சலவைப் பொருள் கலந்து 60 முதல் 80 டிகிரி வரை காய்ச்ச வேண்டும். நம் ஊர் உப்புத் தண்ணீரில் வெண்படிவு கட்டும். அலசவாவது மென்னீர் தேவை. முலாமுக்கு உடனே அனுப்பாவிட்டால் இரும்பு துருப்பிடிக்கும். அலுமினியத்தைக் காஸ்டிக் சோடா என்ற கடுங்காரத்தில் போட்டால் அரித்துவிடும். அதற்கு மிதமான கலவை வேண்டும். கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் விடக் கூடாது. வேலை மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் இந்தச் சிக்கல்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரிபவை: எண்ணெய் மேலே மிதக்கும், அள்ளலாம்; காரத்தை நடுநிலையாக்கலாம்.

மாறுகிறவர்கள் ஒன்றில் மிகுந்த எச்சரிக்கையாக இருக்க வேண்டும். டிரைக்ளோரோஎத்திலீன் ஈரம் காயாத துண்டைக் காஸ்டிக் தொட்டியில் இறக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் டைக்ளோரோஅசிட்டிலீன் என்ற வெடிக்கும் நச்சுப்பொருள் உண்டாகும். பழைய தொட்டி பக்கத்தில் இருக்கும்வரை வெல்டிங்கும் கூடாது. அந்தச் சூட்டில் ஆவி சிதைந்தால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு வரும். அடியில் தங்கிய வண்டலை, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி பெற்றவரிடம் மூடிய டிரம்மில் ஒப்படையுங்கள்.